சென்னையில் ஒரு ராக் இசைஞரைக் கச்சேரி கச்சேரியாகத் தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே ஒரு கச்சேரிக்குப் போய்வருவதற்கு வழிகாட்டி தேவையில்லை. இது, ஒரு பாடகரையோ ஒரு குழுவையோ மனதுக்குப் பிடித்துப்போய், ஊரில் அவர்கள் எங்கே வாசித்தாலும் போய் நிற்பது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கானது.

அப்படி முடிவெடுத்துப் புதிதாக வருபவர்களில் பலர் நாலைந்து மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். பாட்டு பிடிக்காமல்போய் அல்ல. கையில் இருந்த காசு முதல் இரண்டு பெரிய நிகழ்ச்சிகளிலேயே தீர்ந்திருக்கும். நள்ளிரவில் ஆட்டோ கிடைக்காமல் அலைந்ததில் வீட்டில் பேச்சு வாங்கியிருப்பார்கள். காதில் இரைச்சல் நிற்காமல் பயந்திருப்பார்கள். இந்த மூன்றையும் முதலிலேயே சரிசெய்துவிட்டால் வருடக்கணக்கில் போகலாம். கீழே உள்ள வரிசை அதற்காகவே போடப்பட்டது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்னத் தோள்பை. அதில் காது அடைப்பான் இரண்டு ஜோடி, அசல் அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம், உள்ளங்கைக்குள் அடங்கும் நோட்டு, பேனா. காலில் முன்பக்கம் மூடிய ஷூ. இவ்வளவுதான்.

பை சின்னதாக இருக்க வேண்டும். பெரிய பையைப் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், வைத்துவிட்டுப் போகவும் இடம் இருக்காது. ரொக்கம் எதற்கென்றால், ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூடியதும் போனில் சிக்னல் படுத்துவிடும், யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டிலுக்கும் ஆட்டோவுக்கும் அப்போது காசுதான் உதவும். செருப்புடன் வந்து, முன்வரிசையில் யாரோ குதித்ததில் கால் நகம் பெயர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷூ கட்டாயம்.

பப்களில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் வயதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், பல இடங்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளேயே விடமாட்டார்கள். டிக்கெட் பக்கத்தில் அது சின்ன எழுத்தில் எங்கேயோ இருக்கும்.

2. இது அவருடைய கச்சேரிதானா என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நம் ஊரில் ராக் பாடுபவர்களில் பலருக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. பிரதீப் குமார் சினிமாவிலும் பாடுகிறார், ஊர்கா போன்ற குழுவிலும் இருந்திருக்கிறார். ஷான் ரோல்டன் திரைப்படங்களுக்கு இசையமைப்பதற்கு முன்பே நண்பர்களோடு தனிக்குழு வைத்துப் பாடிக்கொண்டிருந்தவர். அவர்கள் பெயர் போஸ்டரில் இருக்கிறது என்பதற்காக அவர்களுடைய சொந்தப் பாட்டுகளைக் கேட்கப்போகிறோம் என்று அர்த்தம் இல்லை.

போஸ்டரை நிதானமாகப் பாருங்கள். நாலைந்து பின்னணிப் பாடகர்களின் படங்கள் வரிசையாக இருந்தால் அது திரைப்பாடல் இரவு. உங்கள் ஆள் மூன்று பாட்டு பாடிவிட்டு இறங்குவார். குழுவின் பெயர் பெரிதாகவும், டிரம்மர், பேஸ் கிட்டார் வாசிப்பவர் பெயர்கள் கீழேயும் இருந்தால் அது சொந்தப் பாட்டுக் கச்சேரியாக இருக்க வாய்ப்பு அதிகம். 'அன்ப்ளக்டு', 'ஸ்டோரிடெல்லிங் செட்' என்று இருந்தால் டிரம்ஸ் இல்லாமல் இருக்கலாம். உட்கார்ந்து கேட்கும் நிகழ்ச்சி. மூன்றுமே நல்ல நிகழ்ச்சிகள்தான். ஆனால் நின்று ஆடும் ஆசையில் 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பெரிய ஏமாற்றம்.

கம்பெனி விழா, கல்யாண வரவேற்பு இவற்றுக்கும் இசைஞர்கள் போவார்கள். அவை நமக்கானவை அல்ல. அழைப்பு இல்லாமல் உள்ளே நுழைய முயலாதீர்கள், தர்மசங்கடம் அவர்களுக்குத்தான்.

3. செய்தி எங்கே முதலில் வரும்

எல்லோரும் பாடகரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே செய்தி கடைசியாகத்தான் வரும், சில சமயம் அன்றைக்குக் காலையில். உண்மையில் முதலில் வாய்விடுபவர்கள் அவரோடு சேர்ந்து வாசிப்பவர்கள்.

அதனால் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே பின்தொடருங்கள். ஒரே ஆள் பல குழுக்களில் வாசிப்பது இங்கே சகஜம். இசைஞர் டென்மா, பாடகர் கபேர் வாசுகியோடு சேர்ந்த குரங்கன் குழுவிலும் இருந்தார், தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலும் இருந்தார். ஒரு டிரம்மரைப் பின்தொடர்ந்தால் மூன்று குழுக்களின் ஒத்திகை உங்களுக்குத் தெரியவரும். ஒத்திகை அறைப் படம் வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, இடங்கள். உங்கள் ஆள் வழக்கமாக வாசிக்கும் அரங்கு, பப், கலாச்சார மையம் இவற்றின் பக்கங்களைப் பின்தொடருங்கள். புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற செயலிகளில் கலைஞர் பெயரைக் கொடுத்து அறிவிப்பை இயக்கிவையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், இலவச நிகழ்ச்சிகள் பல அங்கே வராது.

வருடத்தின் ஓட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஜனவரியில் ஐஐடி மெட்ராஸின் சாரங், திறந்தவெளி அரங்கில். ஜூன் 21 உலக இசை நாள். அதையொட்டி நுங்கம்பாக்கத்தில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் உள்ளூர்க் குழுக்கள் வாசிப்பதுண்டு. டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தின் மார்கழியில் மக்களிசை, 2020 முதல். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், அதனால் திறந்தவெளி நிகழ்ச்சி எதுவானாலும் பாதி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒருநாள், ஒரே நேரத்தில், இந்த எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். நாள் முழுக்கப் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

4. மாதத்துக்கு ஒரு தொகை

டிக்கெட் விலை மட்டும் செலவு அல்ல. அதன்மேல் முன்பதிவுக் கட்டணம், வரி, போக வர வண்டி, உள்ளே தண்ணீரும் சாப்பாடும். பெரிய திறந்தவெளி நிகழ்ச்சிகளில் இந்தக் கூடுதல் செலவு டிக்கெட் விலையின் பாதியைத் தொட்டுவிடும்.

மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதில் சின்ன நிகழ்ச்சிகளுக்கு முதலில் எடுத்துவையுங்கள். மிஞ்சியதில் பெரியது. இதற்குக் காரணம் இருக்கிறது. நூறு பேர் கூடும் அறையில் இசைஞர் புதுப் பாட்டைப் போட்டுப் பார்ப்பார், தப்பானால் நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பார், பாட்டு எப்படி வந்தது என்று பேசுவார். பெரிய மேடையில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளையே வரிசையாக வாசிப்பார். தொடர்ந்து வருபவருக்குச் சின்ன அறையில்தான் கிடைப்பது அதிகம். அந்தச் சின்ன அறை காலியாக இருந்தால் அடுத்த முறை அந்த இடத்தில் கச்சேரியே இருக்காது என்பதும் உண்மை.

5. திரும்பும் வழியை முதலில் பாருங்கள், அப்புறம் டிக்கெட்

இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். டிக்கெட் எடுத்த மகிழ்ச்சியில், கச்சேரி முடிந்து எப்படி வீட்டுக்குப் போவது என்ற கேள்வியை அன்றிரவு 10 மணிக்குத்தான் கேட்டுக்கொள்வார்கள்.

சென்னையில் இடங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மெட்ரோவை ஒட்டியவை. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கு நந்தனம் நிலையம். அண்ணா சாலை காமராஜர் அரங்கத்துக்கு ஏஜி-டிஎம்எஸ். தீவுத்திடலுக்கு அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம். எழும்பூர் அருங்காட்சியக அரங்குக்கு எழும்பூர் நிலையம், கொஞ்சம் நடை. மெட்ரோ பொதுவாக இரவு 11 மணி வரை ஓடும் என்பதால் இங்கெல்லாம் கவலை குறைவு. சில பெரிய நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டோடு மெட்ரோ பயணமும் சேர்த்துக் கொடுப்பதுண்டு, அறிவிப்பைப் படியுங்கள்.

இரண்டாவது, ரயிலுக்குப் பக்கத்தில் இருந்தும் கடைசிக் கொஞ்ச தூரம் இழுப்பவை. வேளச்சேரி பீனிக்ஸ் மால் இப்படித்தான்; பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ வேண்டும், அந்த ரயிலும் மெட்ரோவைவிடச் சீக்கிரமே நின்றுவிடும். சேத்துப்பட்டு சர் முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கம் பரவாயில்லை, புறநகர் ரயில் பக்கம்.

மூன்றாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையும் (ஈசிஆர்) பழைய மகாபலிபுரம் சாலையும் (ஓஎம்ஆர்). பனையூர், உத்தண்டி, நாவலூர் பக்கம் பெரிய மைதானங்களில் நடப்பவை. போகும்போது ஜாலியாக இருக்கும். முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் டிக்கெட் கையில் இருந்தும் பலர் உள்ளேயே போக முடியாமல் திரும்பியது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆகஸ்டில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போனதுதான் அந்த நிகழ்ச்சி.

ஈசிஆர் நிகழ்ச்சி என்றால் மூன்றில் ஒன்று உறுதியான பிறகே டிக்கெட் எடுங்கள்: சேர்ந்து போக நாலு பேரும் ஒரு காரும், அல்லது பக்கத்தில் தங்க ஒரு நண்பர் வீடு, அல்லது கடைசி இரண்டு பாட்டை விட்டுவிட்டுக் கிளம்பும் மனம். மூன்றும் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம். அதே குழு அடுத்து ஊருக்குள் வரும்.

தனியாகப் போகும் பெண்கள் இன்னொன்றும் செய்யலாம். முதல் இரண்டு நிகழ்ச்சிகளிலேயே உங்கள் பக்கம் திரும்பும் ஆட்கள் யார் என்று பார்த்துப் பேசிவையுங்கள். தொடர்ந்து வருபவர்கள் ஐம்பது அறுபது பேர்தான் இருப்பார்கள், முகங்கள் சீக்கிரம் பழகிவிடும். இரண்டு பேர் ஒரே மெட்ரோவில் திரும்புவது பெரிய நிம்மதி.

6. டிக்கெட் எடுப்பது

அறிவிப்பில் உள்ள இணைப்பு வழியாக மட்டும் எடுங்கள். நண்பரின் நண்பர் விற்கும் டிக்கெட்டின் க்யூஆர் குறி ஏற்கெனவே இரண்டு பேரிடம் போயிருக்கலாம். முதலில் ஸ்கேன் ஆனவர்தான் உள்ளே போவார்.

எடுத்ததும் அந்தக் குறியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், வாசலில் நெட் வராது. குறி மாறிக்கொண்டே இருக்கும் வகை டிக்கெட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அதற்கு, வீட்டிலிருந்து கிளம்பும்போதே செயலியைத் திறந்து உள்ளே நுழைந்தபடி வைத்திருங்கள்.

'ஃபேன் பிட்' என்று மேடைக்கு முன்னால் விற்பதை அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஏன் என்பது 9ஆம் பகுதியில் வருகிறது. நிகழ்ச்சி தள்ளிப்போனால் பெரும்பாலும் அதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும். பணம் திரும்ப வேண்டுமென்றால் அதற்கு ஒரு கெடு வைப்பார்கள், அது மின்னஞ்சலில் மட்டும் வரும். டிக்கெட்டுக்குக் கொடுத்த மின்னஞ்சலைத் தினமும் பார்ப்பவராக இருங்கள்.

7. காது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மாதத்துக்கு ஒரு கச்சேரி போகிறவருக்கு இது அறிவுரை. மாதத்துக்கு நாலு போகிறவருக்கு இது கட்டாயம்.

கணக்கு இப்படி. தொழிலாளர் நலனுக்காக அமெரிக்காவில் இயங்கும் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலில் 1 மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடம். மூடிய அறையில் டிரம்ஸோடு வாசிக்கும் ராக் குழுவின் முன்னால் 100 டெசிபல் என்பது சர்வ சாதாரணம். அதாவது மூன்றாவது பாட்டு முடியும்போதே உங்கள் காதின் ஒருநாள் பங்கு தீர்ந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி இடங்களுக்கென வெளியிட்ட வழிமுறையிலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றுதான் இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் நியோஷின் இலவச ஒலி அளவுச் செயலியை இறக்கி ஒருமுறை பாருங்கள்.

பஞ்சு வைத்துக்கொள்வதில் பயனில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் மலிவு, நன்றாகத் தடுக்கும், ஆனால் கிட்டாரின் கூர்மையான ஓசையை அதிகம் விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடும். இசைஞர்களுக்கென்று செய்யப்படும் அடைப்பான் எல்லா ஓசையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பாட்டு பாட்டாகவே கேட்கும், சத்தம் மட்டும் இறங்கும். விலை கூடுதல்தான், ஆனால் கழுவிக் கழுவி நீண்ட நாள் பயன்படுத்தலாம். தொடர்ந்து போவதென்று முடிவானால் முதல் டி-ஷர்ட்டுக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

நுரை அடைப்பானை வைக்கும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய குச்சிபோல ஆக்குங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள், காதுத்துளை நேராகும். உள்ளே செருகி, அது விரியும் வரை 20, 30 விநாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் முழங்கினால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. காதின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தால் அது ஒன்றும் செய்யாது.

வெளியே இருக்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய், சத்தம் பொறுக்காமல் அப்புறம் வைத்தால் குழு ரொம்பத் தூரத்தில் வாசிப்பதுபோல இருக்கும், எரிச்சலில் கழற்றிவிடுவீர்கள். கச்சேரி முடிந்து மறுநாளும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் அடுத்த நிகழ்ச்சியை விட்டுவிட்டுக் காது மருத்துவரைப் பாருங்கள்.

8. எத்தனை மணிக்குப் போவது

போஸ்டரில் 6 என்றிருந்தால் கதவு திறக்கும் நேரம் அது. மேடையில் ஆள் வரும் நேரத்தை நீங்களே கணக்கிடலாம், பின்னாலிருந்து முன்னால்.

ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. சிறப்பு அனுமதி இல்லாதவரை 10 மணிக்கு எல்லாம் நின்றாக வேண்டும். முக்கியக் குழு கடைசியில் வாசிக்கும், முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அதற்கு முன் மேடை மாற்ற 15, 20 நிமிடம். ஆக, நாலு குழு உள்ள திறந்தவெளி நிகழ்ச்சியில் உங்கள் ஆள் 8.30 வாக்கில் ஏறுவார். மூடிய அரங்கில் இந்த விதி அப்படியே பொருந்தாது என்பதால் அங்கே நேரம் நீளலாம்.

முந்தைய குழுக்கள் தாமதித்தால் வெட்டு விழுவது கடைசிக் குழுவின் நேரத்தில்தான். 9.15 ஆகியும் அவர்கள் ஏறவில்லையென்றால் பாட்டுகள் குறையும், வழக்கமாக வாசிக்கும் மெதுவான பாட்டுகள் முதலில் போகும். இது தெரிந்திருந்தால் பாதியில் எழுந்து சாப்பிடப் போகமாட்டீர்கள்.

அதற்காக 8.30க்குப் போய் இறங்காதீர்கள். முன்னால் வாசிக்கும் குழுக்களைக் கேளுங்கள். அவர்களில் ஒருவர் அடுத்த வருடம் உங்கள் குழுவில் வாசிப்பார், அல்லது உங்களுக்கு இன்னொரு அபிமானக் குழு கிடைக்கும். சாயங்காலம் சீக்கிரம் போனால் ஒலிச் சோதனையும் காதில் விழும். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போல மேடை நிறைய ஆட்கள் உள்ள குழுவென்றால் அதற்கே நெடுநேரம் ஆகும். பறை, தவில், கிட்டார், ஒவ்வொரு மைக்காகக் கேட்பார்கள். எந்தக் கருவி எந்தப் பக்கம் நிற்கிறது என்று அப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும்.

9. எங்கே நிற்பது

முன்வரிசைதான் உண்மையான ரசிகரின் இடம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கே பாட்டின் வரிகள் கேட்காது. காரணம் எளிது. பாடகரின் குரல் மேடையின் இருபக்கமும் தொங்கும் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வருகிறது, அவை உங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்து நிற்கின்றன. முன்வரிசைக்கு நேராக வருவது டிரம்ஸின் அடியும், கிட்டார் ஓசையைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியின் சத்தமும்தான். ஆம்ப்புக்கு நேர் எதிரே நின்றால் அந்த ஓசை ஊசிபோல இறங்கும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே குறையும்.

சரியான ஒலி வேண்டுமென்றால் மிக்ஸர் மேசையைத் தேடுங்கள். கூட்டத்தின் நடுவே, கொஞ்சம் பின்னால், கம்பித் தடுப்புக்குள் விளக்கு எரியும் இடம். ஒலிப் பொறியாளர் அங்கே நின்று தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். அவருக்கு முன்னால் சில அடியில் நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கிறீர்கள். ஒரு புதிய பாட்டை முதல்முறை கேட்கப்போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. பால்கனிக்கு அடியில் ஒதுங்காதீர்கள், அங்கே தாழ்ந்த ஓசை தேங்கி எல்லாம் மங்கிவிடும். தாழ்ந்த ஓசைக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்து நிற்பது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் முன்வரிசைக்கு எப்போது போவது? பாட்டுகள் எல்லாம் மனப்பாடம் ஆன பிறகு. அப்போது குரல் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, விரல்களைப் பார்க்கலாம். கிட்டார் வாசிப்பவர் எந்த இடத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுகிறார், காலடியில் உள்ள பெடல் பலகையில் எந்த விளக்கு எரிந்ததும் ஓசை கரகரப்பாகிறது, டிரம்மரைப் பார்த்து எப்போது தலையசைக்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். ஒரு பாட்டை எத்தனை முறை பதிவில் கேட்டாலும் கிடைக்காத அறிவு இது. இசை கற்றுக்கொண்டிருப்பவர்கள் கண்டிப்பாக ஒருமுறை கிட்டார் பக்கமும் ஒருமுறை பேஸ் பக்கமும் நின்று பாருங்கள்.

கூட்டம் நெருக்கினால்: கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு விட இடம் இருக்க வேண்டும். தள்ளுக்கு எதிராகத் தள்ளாதீர்கள். அலை தணியும் இடைவெளியில் குறுக்குவாட்டில் விளிம்பை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த எதையும் குனிந்து எடுக்க வேண்டாம், போனாக இருந்தாலும். வாசல்கள் எங்கே என்பதை உள்ளே நுழைந்ததும் பார்த்துவைத்திருக்க வேண்டும்.

10. பாட்டு வரிசையை எழுதிவையுங்கள்

தொடர்ந்து போகிறவருக்கும் எப்போதாவது போகிறவருக்கும் வித்தியாசம் இந்த நோட்டில்தான் இருக்கிறது.

தேதி, இடம், யார் யார் வாசித்தார்கள், பாட்டு வரிசை. பாட்டுக்கு இரண்டு சொல் போதும். புதுப் பாட்டு வந்தால் பல்லவியின் முதல் இரண்டு மூன்று சொற்களை எழுதுங்கள். பெயர் அப்புறம் தெரியவரும். பக்கத்தில் வித்தியாசமாக ஏதாவது இருந்தால் குறியுங்கள்: 'டிரம்ஸ் இல்லை', 'வேகம் கூட', 'முடிவு நீளம்'. போனில் தட்டினால் திரை வெளிச்சம் சுற்றியிருப்பவர்களுக்குத் தொல்லை. இருட்டில் கோணல்மாணலாக எழுதினாலும் காகிதமே நல்லது. வீடு போய்த் தூங்குவதற்கு முன் திருத்தி எழுதிவிடுங்கள், காலையில் பாதி மறந்துவிடும்.

ஆறு மாத நோட்டைப் புரட்டினால் ஒரு பாட்டு வளர்வது தெரியும். ஒற்றை கிட்டாரோடு சின்ன அறையில் கேட்டது, அடுத்த மாதம் பேஸ் சேர்ந்து வந்திருக்கும். அப்புறம் இரண்டாவது சரணத்துக்கு முன் டிரம்ஸ் நுழையும். பதிவாக வெளிவரும்போது ஒரு சரணமே காணாமல்போயிருக்கும். அந்தக் காணாமல்போன சரணம் உங்கள் நோட்டில் இருக்கும்.

மேடைத் தரையில் ஒட்டியிருக்கும் காகிதம் வேண்டுமென்றால் அவசரப்படாதீர்கள். மேடையேறி எடுக்கவே கூடாது. மின்சாரக் கம்பிகள் கிடக்கும் இடம் அது. கேபிள் சுருட்டி முடியும் வரை நின்று, வேலை செய்பவரிடம் "அண்ணா, அந்தப் பேப்பர் உங்களுக்கு வேணுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் டேப்போடு பிய்த்துக் கொடுத்துவிடுவார். கொட்டை எழுத்தில் பாட்டின் சுருக்கப் பெயர்கள், ஓரத்தில் 'டிராப் டி' (கிட்டாரின் தடித்த கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கிவைப்பது) என்றோ கேப்போ எண்ணோ பேனாவால் கிறுக்கியிருக்கும். அடித்துவிட்டிருக்கும் பாட்டு எது என்று பாருங்கள். நேரமில்லாமல் அன்றைக்கு விட்டுப்போனது அது.

11. படமும் பதிவும்

ஒரு பாட்டு, ஒரு நிமிடம், நெஞ்சு உயரத்தில் போன். அதற்குமேல் பின்னால் நிற்பவரின் கச்சேரியை நீங்கள் மறைக்கிறீர்கள். ஃபிளாஷ் வேண்டாம், மேடையில் இருப்பவருக்குக் கண் கூசும், உங்கள் படமும் வெளுத்துப்போகும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை உண்டு. தன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வதைச் சட்டம் விட்டுவைக்கிறது. அதைப் பொதுவில் ஏற்றுவது வேறு விஷயம். வெளிவராத பாட்டு என்றால் கேட்காமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். சின்ன அறையில் நம்பிக்கையோடு பாடிப் பார்த்ததை நீங்கள் யூடியூபில் போட்டுவிட்டால், அடுத்த முறை அவர் சின்ன அறையிலும் புதுப் பாட்டு பாடமாட்டார்.

12. கச்சேரி முடிந்த பிறகு

டி-ஷர்ட்டோ இசைத்தட்டோ விற்கும் மேசை இருந்தால் போனவுடன் வாங்கிப் பையில் போடுங்கள், முடியும்போது உங்கள் அளவு தீர்ந்திருக்கும். உள்ளூர்க் குழுக்களுக்கு பாட்டு கேட்கும் செயலிகளில் வரும் காசைவிட இந்த மேசையில் வரும் காசு உடனே கைக்கு வருவது.

பேச வேண்டுமென்றால் முடிந்ததும் ஓடாதீர்கள். அவர்கள் வியர்வையில் நனைந்து, கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். கால் மணி நேரம் கழித்து அவர்களே வெளியே வருவார்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் போய் நிற்பது அதைவிடத் தவறு, அந்த நேரத்தில் மனம் வேறெங்கோ இருக்கும்.

"சூப்பர் சார்" என்பதை அன்று அவர் நிறைய பேரிடம் கேட்டிருப்பார். "மூணாவது பாட்டோட முடிவை இன்னிக்கு மாத்தினீங்களே, நல்லா இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள், நின்று பேசுவார். நோட்டு எழுதுவதால் கிடைக்கும் பலன் இது. டிரம்மரிடமும் ஒலிப் பொறியாளரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர்களிடம் யாரும் பேசுவதே இல்லை.

எல்லையும் இருக்கிறது. போன் நம்பர் கேட்காதீர்கள். கார் வரை பின்னால் போகாதீர்கள். வீடு எங்கே என்று தெரிந்துகொள்ள முயலாதீர்கள், தற்செயலாகத் தெரிந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். குடும்பத்தோடு ஹோட்டலில் பார்த்தால் ஒரு புன்னகையோடு விட்டுவிடுங்கள். ஒரே ஊரில் வருடக்கணக்கில் முகம் பார்க்கப்போகிறீர்கள். அவர் உங்களைப் பார்த்து ஒதுங்கும்படி ஆகிவிடக்கூடாது.

13. வெளியூருக்குப் போவதென்றால்

ஊரில் நாலைந்து கச்சேரி பார்த்த பிறகு இதை யோசியுங்கள். பெங்களூரும் புதுச்சேரியும் கைக்கெட்டும் தூரம். சுற்றுப்பயணத்தில் ஒரு குழு எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே வரிசையைத்தான் வாசிக்கும் என்பதால் ஒரு சுற்றில் ஓர் ஊர் போதும். எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், அவர்களே முக்கியக் குழுவாக வாசிக்கும் ஊரை. திருவிழாவில் நாற்பது நிமிடம் வாசிப்பதைப் பார்க்க இரவுப் பயணம் போகாதீர்கள்.

பெங்களூரில் வேறு ஒரு லாபமும் உண்டு. அகம் போன்ற அந்த ஊர்க் குழுக்களைச் சொந்த ஊர்க் கூட்டத்தின் நடுவே கேட்கலாம், கூட்டம் சேர்ந்து பாடும் சத்தமே வேறு. ரயிலில் போக ஒரு டிக்கெட், திரும்பி வர, ரத்து செய்யக்கூடிய டிக்கெட் ஒன்று. திரும்பும் வண்டியை அன்றிரவுக்கே போடாமல் மறுநாள் காலைக்குப் போடுங்கள். பெங்களூரு போக்குவரத்தில் கச்சேரி முடிந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லமாட்டார்கள். தங்கும் அறை நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கச்சேரி நடக்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள்.